மூச்சும் உணவும் குறுக்கிடும் இடம்

வாயின் மேற்கூரையை நாக்கு நுனியால் தடவிக்கொண்டே பின்னோக்கிச் சென்றால், முன்பகுதி எலும்பாலானதால் கடினமாகவும் பின்பகுதி தசையாலானதால் மென்மையாகவும் இருப்பது புலப்படும். முன்னது வல்லண்ணம், பின்னது மெல்லண்ணம் எனப்படும். மெல்லண்ணத்தின் நடுவில் தொங்கும் சிறு சதையே உள்நாக்கு. அதன் இருபுறமும் இறங்கும் மடிப்புகளுக்கிடையே, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் திசுக்களாகிய டான்சில்கள் அமைந்துள்ளன. இவற்றுக்கு அப்பால் கண்ணாடியில் சிவப்பாகத் தெரிவது, மண்டையோட்டின் அடியிலிருந்து உணவுக்குழலின் தொடக்கம்வரை நீளும் தொண்டை என்னும் தசைக்குழாயின் நடுப்பகுதி மட்டுமே.

மூக்கு வாய்க்கு மேலே இருக்க, மூச்சுக்குழலோ உணவுக்குழலுக்கு முன்னே இருப்பதால், காற்றும் உணவும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கிட்டே செல்ல வேண்டியுள்ளது. சிறந்த அமைப்பென்று இதைப் பாராட்ட இயலாது; இதன் குறையை ஈடுசெய்வது தசைகளின் ஒத்திசைவே. விழுங்கும்போது மெல்லண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்க, குரல்வளை உயர்ந்து நாக்கின் அடியில் ஒதுங்க, குரல்நாண்கள் நெருங்கி மூச்சுவழியை மூட, குரல்வளை மூடி என்னும் குருத்தெலும்பு மடல் பின்னோக்கிச் சாய, உணவு கடந்துவிடுகிறது. ஏறத்தாழ ஒரு நொடியில் முடிந்துவிடும் இச்செயலின்போது மூச்சு நின்றுவிடுகிறது. கழுத்தின் முன்புறம் விரல் வைத்து எச்சிலை விழுங்கினால் குரல்வளை ஏறி இறங்குவதை எவரும் உணரலாம். பெயர் காரணமாகக் குரல்வளை மூடிக்கே பெருமை முழுவதும் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அறுவை சிகிச்சையில் அதை இழந்தவர்களுள் பலர் பயிற்சிக்குப்பின் நன்றாகவே விழுங்குகின்றனர். உண்டுகொண்டே பேசும்போது, மூடவேண்டிய குரல்நாண்கள் திறந்திருக்க நேர்வதாலேயே புரையேறுகிறதேயன்றி, எங்கோ ஒருவர் நினைப்பதால் அன்று.

பேச்சிலும் மெல்லண்ணத்திற்குப் பெரும்பங்கு உண்டு. 'ப', 'ம' இரண்டிற்கும் உதடுகளே மூடுகின்றன. மெல்லண்ணம் எழுந்து மூக்கை அடைத்தால் முன்னதும், தாழ்ந்து காற்றை மூக்கின் வழியே விட்டால் பின்னதும் பிறக்கின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம்' என்று நீட்டி ஒலிக்க முயன்றால் ஒலி உடனே அடைபட்டுப்போவது இதனாலேயே.

அறுவைக்குமுன் மயக்கமருந்து மருத்துவர்கள் நோயாளியின் வாயைத் திறக்கச் செய்து பார்ப்பதும் இப்பகுதியைத்தான். மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்துவது கடினமாகுமா என்பதை, உள்நாக்கும் அருகிலுள்ள மடிப்புகளும் எந்த அளவு தெரிகின்றன என்பதைக்கொண்டு முன்கூட்டியே மதிப்பிடும் முறையை, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பாட்டி 1985இல் வெளியிட்டார். இச்சோதனையில் நோயாளி வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டினால் போதும். 'ஆ' என்று ஒலி எழுப்பக் கூடாது, ஏனெனில் ஒலியெழுப்பும்போது மெல்லண்ணம் உயர்ந்து, குறுகிய தொண்டையும் விரிந்திருப்பதுபோல் தோன்றிவிடும்.