உங்களுக்குத் தெரியுமா? பூனை மறைக்கும் நோய்கள்

நாய்க்கு உடம்பு முடியவில்லை என்றால் நம்மிடம் வந்து முனகும். பூனையோ கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். ஆகவே அதன் நோயை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் நாம்தான்.

● பூனையின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்குச் சூடாகத் தெரிவதால் மட்டும் அதற்குக் காய்ச்சல் என்று முடிவு கட்டக் கூடாது. மூக்கு காய்ந்திருப்பதும் காய்ச்சலுக்கு அத்தாட்சி இல்லை.

● தூங்கும் பூனையின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 30-க்குள் இருந்தால் கவலை இல்லை. நாள்தோறும் அதைத் தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ பரிசோதிக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வாயைத் திறந்து இளைத்தால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

● பூனையின் முகத்தை வைத்தே வலியை அளக்க முடியும். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் இதற்கு ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலையின் நிலை என ஐந்தைப் பார்க்க வேண்டும். காதுகள் பக்கவாட்டில் திரும்பி, கண் இடுங்கி, மீசை விறைத்து, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் அதற்குக் கடுமையான வலி.

● 'குர்ர்' என்று சத்தம் போட்டால் பூனை மகிழ்ச்சியாக இருக்கிறது என்றே நினைக்கிறோம். அடிபட்ட பூனையும், பிரசவ வேதனையில் இருக்கும் பூனையும்கூட அப்படிச் சத்தம் எழுப்பும்.

● கடுவன் பூனை மணல் தட்டில் அடிக்கடி போய்க் குந்துகிறதா? முக்கியும் சிறுநீர் வரவில்லையா? மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கடுவனின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. பொடிக் கற்களும் சளியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோக ஓரிரு நாட்களே போதும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத நோய் இது.

● குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய்க் குவியத் தொடங்கும். கண்ணும் காதின் உட்புறமும் மஞ்சளாகும், உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே விசாரியுங்கள்.

● பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. அதை உணர வேண்டிய மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்திருப்பதை அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையம் 2005-இல் கண்டறிந்தது.

● வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது. வயிற்றுப்போக்குதான் மிச்சம். தாயில்லாக் குட்டிக்கும் பசும்பால் ஒத்துக்கொள்ளாது. பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது.

● தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்க்கும் வீடுகள் கவனிக்க: டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது. அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. டாரின் குறைந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பதைக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு 1987-இல் நிரூபித்தது. அதன்பிறகே பூனை உணவு நிறுவனங்கள் டாரினைக் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தன. இது குறைந்தால் பார்வையும் போகும்.

● அதற்காக மூன்று வேளையும் மீனே போடுவதும் தவறு. சில மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் வைட்டமின் பி1 அழிந்துபோகும். எண்ணெய்ச் சத்துள்ள மீனை மட்டுமே தின்றால் உடம்பின் கொழுப்பு வீங்கி, தொட்டாலே வலிக்கும் நோய் வரும். வேகவைத்து, முள் நீக்கி, கோழி இறைச்சியோடு மாற்றி மாற்றிக் கொடுங்கள். குழம்பில் போட்ட மீன் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

● காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதன் உயிரைப் பறிக்கப் போதும். இந்த மருந்தின் நச்சைப் பிரித்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்கு மிகக் குறைவு. சில மணி நேரத்தில் ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறும். முகமும் பாதமும் வீங்கும். மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் காப்பாற்றலாம். குழந்தைகளுக்கான சிரப்பும் இதே மருந்துதான்.

● தரை துடைக்கும் பினாயிலிலும் இதே ஆபத்து உண்டு. ஈரத் தரையில் நடக்கும் பூனை அடுத்த நிமிடமே உட்கார்ந்து பாதத்தை நக்கும். தரையில் கொட்டுவது எதுவும் அதன் வயிற்றுக்குள் போய்ச் சேரும். துடைத்தபின் வெறும் தண்ணீரால் ஒருமுறை அலசி, காயும்வரை கதவைச் சாத்தி வையுங்கள். பீரோவில் போடும் அந்துருண்டையும் அதற்கு எட்டக் கூடாது.

● நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் கலந்திருந்தால் உடல் வெட்டி வெட்டி இழுத்து இறந்துபோகும்.

● பூனையின் நாக்கிலுள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. பூ கட்டும் நாரோ தையல் நூலோ வாய்க்குள் போனால் அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஆசனவாயில் நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், குடல் அறுந்துபோகும்.

● லில்லிப் பூவின் இதழ், இலை, மகரந்தம், குவளைத் தண்ணீர் என எல்லாமே பூனையின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. பூனை இருக்கும் வீட்டுக்கு லில்லி பூங்கொத்து வேண்டாம்.

● வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. அதனால் தாகம் எடுத்தாலும் குறைவாகவே குடிக்கும். வயதான பூனை திடீரென்று நிறையக் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பரிசோதியுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை மணல் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

● பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கலாம். சினைக்காலம் ஏறத்தாழ 65 நாள். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே அடுத்த சினையும் தரிக்கும். காலத்தோடு கருத்தடை செய்தால் மார்பகப் புற்றுநோய் ஆபத்தும் பெருமளவு குறையும்.

● கர்ப்பிணி இருக்கும் வீட்டிலிருந்து பூனையை விரட்டத் தேவையில்லை. டாக்ஸோபிளாஸ்மா கிருமி மலத்தில் வெளியேறிய பிறகு தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். மணல் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும்.

● வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கும் தடுப்பூசி அவசியம். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம்வரை தவணையாகப் போடுவார்கள். ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்குப் பிறகு. பூனை கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள்.

● உலகில் அதிக காலம் வாழ்ந்ததாகப் பதிவான பூனை, அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்த கிரீம் பஃப். 1967-இல் பிறந்து 2005-இல் இறந்தது, வயது 38.

மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துப் பாருங்கள். நான்கு கிலோ பூனை அரைக் கிலோ இளைப்பது, 60 கிலோ மனிதர் ஏழரைக் கிலோ இளைப்பதற்குச் சமம். எடை குறைந்தாலும், சாப்பாடு குறைந்தாலும், மணல் தட்டில் மாற்றம் தெரிந்தாலும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.