ஃபேன்டேசியா (1940 திரைப்படம்)

ஃபேன்டேசியா என்பது வால்ட் டிஸ்னி தயாரித்து, 1940 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆம் நாள் நியூயார்க்கில் வெளியான அமெரிக்க அசைவூட்டத் திரைப்படம் ஆகும். மேற்கத்தியச் செவ்வியல் இசைப் படைப்புகள் எட்டினுக்குக் காட்சி வடிவம் தரும் இப்படத்தில் தொடர்ச்சியான கதை இல்லை. வழக்கமாகத் திரைப்படங்களில் காட்சிக்கு ஏற்பப் பின்னணி இசை அமைக்கப்படும். இதிலோ இசை முதலில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, அதன் போக்கிற்கு ஏற்ப ஓவியங்கள் வரையப்பட்டன.

உருவாக்கம்

பவுல் டுயூக்காவின் "மந்திரவாதியின் மாணவன்" என்ற படைப்பைக் கொண்டு, மிக்கி மவுஸ் தோன்றும் குறும்படம் ஒன்றே முதலில் திட்டமிடப்பட்டது. செலவு மிகவே, அது முழுநீளப் படமாக விரிவாக்கப்பட்டது. லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி இசைக்குழுவை நடத்தினார். இசையின் பெரும்பகுதியை 1939 இல் பிலடெல்பியா இசைக்குழு வாசித்தது. பாக், சைக்கோவ்ஸ்கி, ஸ்ட்ராவின்ஸ்கி, பீத்தோவன், பொங்கியெல்லி, முசோர்க்ஸ்கி, ஷூபர்ட் ஆகியோரின் படைப்புகளும் இடம்பெற்றன.

இசையும் காட்சியும்

பாக்கின் இசைக்குக் கதையின்றி, கோடுகளும் வண்ணங்களுமே பெரிதும் காட்டப்படுகின்றன. ஸ்ட்ராவின்ஸ்கியின் "வசந்தத்தின் சடங்கு" பழங்கால உருசியச் சடங்கொன்றைச் சித்தரிக்கும் நடனத்திற்காக இயற்றப்பட்டு, 1913 இல் அரங்கேறியது. படத்தில் அது புவியின் தோற்றத்தையும் டைனோசர்களின் அழிவையும் காட்டப் பயன்பட்டது. இதற்காக இசையின் பகுதிகள் சில நீக்கப்பட்டன, வரிசையும் மாற்றப்பட்டது. படம் வெளிவந்தபோது உயிருடன் இருந்த ஒரே இசையமைப்பாளரான ஸ்ட்ராவின்ஸ்கி, பிற்காலத்தில் இதனைக் கடுமையாகச் சாடினார். காட்சி இசைக்குத் துணையா, தடையா என்னும் விவாதத்தில் இப்படம் முக்கிய எடுத்துக்காட்டு ஆகும்.

ஒலி நுட்பம்

இப்படத்திற்கென "ஃபேன்டசவுண்ட்" என்ற பல்தட ஒலிமுறை உருவாக்கப்பட்டது. தனிப் படச்சுருளில் மூன்று ஒலித்தடங்களும், ஒலியளவைக் கட்டுப்படுத்தும் நான்காவது தடமும் பதியப்பட்டன. அச்சுருள் காட்சிச் சுருளுடன் ஒத்தியங்கியது. எனவே ஒலி அரங்கின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் நகர்வதாகக் கேட்போர் உணர முடிந்தது. கருவிகளின் விலை மிகுதியால் சில அரங்குகளிலேயே இது நிறுவப்பட்டது.

வரவேற்பு

போரினால் ஐரோப்பியச் சந்தை கிட்டாததும் இழப்பிற்குக் காரணமாயிற்று. பின்னர் மறுவெளியீடுகளே படத்திற்கு வருவாய் ஈட்டித் தந்தன. 1990 இல் இது அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1999 இல் வெளியான "ஃபேன்டேசியா 2000" இதன் தொடர்ச்சியாகும். முதற்படத்தின் "மந்திரவாதியின் மாணவன்" பகுதி மட்டும் அதில் மீண்டும் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.