மூன்று கடை, ஒரு மோடம்

கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் ஆடிட்டர் அலுவலகம், அதற்குப் பக்கத்து அறையில் பல் மருத்துவர். இணைய இணைப்பு ஜெராக்ஸ் கடைக்காரர் பெயரில் இருக்கிறது. மாதக் கட்டணத்தை மூவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நம் ஊர்க் கடைத்தெருக் கட்டடங்களில் இது சகஜம். சிக்கனம்தான், மறுக்கவில்லை. ஆனால் இணையத்தை மட்டும்தான் பங்கு போட்டிருக்கிறோம் என்று அவர்கள் நினைப்பதுதான் பிழை.

அமைப்பைப் பாருங்கள். வெளியுலகுக்கு ஒரே வாசல், அந்த ரவுட்டர். அதிலிருந்து ஒரு வயர் ஸ்விட்ச் பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து ஒவ்வொரு கணினிக்கும் தனி வயர். 192.168 என்று தொடங்கும் உள்முகவரி ஒன்றை ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒதுக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று கடையும் ஒரே முகவரி. உள்ளேயோ அறைகளுக்கு நடுவே கதவே கிடையாது. சாதாரண ஸ்விட்ச், வருவது யார் என்று கேட்பதில்லை. கேட்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு பேர் ஒரே டேலி கணக்கில் வேலை செய்ய வேண்டும். வயர் இழுக்க வந்த பையன் அந்த ஃபோல்டரை 'எவ்ரிஒன்' என்று பகிர்ந்து, பாஸ்வேர்டு கேட்பதையும் நிறுத்திவிட்டுப் போகிறான். வேலை உடனே நடக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த 'எல்லோரில்' கீழ்க்கடைக் கணினியும் அடக்கம். அந்தக் கணினியில்தான் வருகிறவர் போகிறவரின் பென்டிரைவ் எல்லாம் நாள் முழுக்கச் செருகப்படுகிறது.

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் இப்படி இணைந்திருந்த கணினிகளிடையேதான் பரவியது. விண்டோஸின் கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டை வழியாக, ஒரு கணினியில் நுழைந்து, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே பக்கத்துக் கணினிகளுக்குத் தாவியது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டனின் மருத்துவமனைகள் தடுமாறின. ஆந்திரக் காவல்துறைக் கணினிகள் சிலவும் தப்பவில்லை.

இன்னொரு ஆபத்து பெயர் சம்பந்தப்பட்டது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்றுமுன் ஊடகங்களுக்குப் போன மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியே போயிருந்தது. அனுப்பியவர் வேறு யாரோ; விசாரணை இவரைத் தேடி வந்தது. பில் யார் பெயரிலோ, முதல் கேள்வி அவருக்குத்தான். வாடிக்கையாளருக்கென்று 'கெஸ்ட்' வைஃபை தனியாகத் திறந்துவிட்டால் உங்கள் கோப்புகள் தப்பும்; பெயர் தப்பாது, ஏனென்றால் வெளியே போகும் முகவரி அதேதான். கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருக்கு இணைப்பு தருவதைப் பல நிறுவனங்களின் ஒப்பந்தமே தடுக்கிறது என்பதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தனித்தனி இணைப்பு எடுப்பதே என் முதல் யோசனை. முடியாவிட்டால், ஒவ்வொரு கடையையும் தனி வலையாகப் பிரிக்கும் விலேன் (VLAN) வசதியுள்ள ஸ்விட்ச் வாங்குங்கள். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கண்காணிப்புக் கேமரா பெட்டி இருந்தால் அதன் பாஸ்வேர்டையும் மறக்க வேண்டாம். ஃபோல்டரைப் பெயர் குறிப்பிட்ட நான்கு பேருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். வைஃபை பெயரை மறைத்து வைப்பதில் பெரிய பாதுகாப்பு ஒன்றும் இல்லை. கணக்கின் நகல் ஒன்று, வேலை முடிந்ததும் வயரைக் கழற்றி எடுத்து வைக்கிற டிஸ்கில் இருக்கட்டும்.

இதையும் மீறி ஊடுருவல் நடந்துவிட்டால், முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள். கணினியை ஃபார்மட் செய்யாதீர்கள், சாட்சியம் அதில்தான் இருக்கிறது. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் அல்லது காவல் நிலையம். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதும் தரவை நகலெடுப்பதும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில் வருகின்றன. அதையே வஞ்சக நோக்கோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நஷ்ட ஈடு வேண்டுமென்றால் 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் வைக்கலாம். தீர்ப்பளிக்கும் அதிகாரி அவரே. இது பலருக்குத் தெரிவதில்லை.

அந்த விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது, "அவர்தானே எங்களுக்கு நெட் கொடுத்தார்" என்பதுதான். அனுமதி இணையத்துக்கு மட்டுமே, ஒருவர் கணினியை மற்றவர் திறக்கக் கூடாது என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால், அதை எடுத்து நீட்டலாம்.