தழும்பில் ஒட்டும் நஞ்சுக்கொடி: ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது

சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் பக்கம் இரண்டாவது, மூன்றாவது பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்களில் பலருக்கு சிசேரியன் தழும்பு இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன்தான். அந்தத் தழும்பு அடுத்த கர்ப்பத்தில் என்ன செய்யக்கூடும் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆபத்து என்ன?

பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடி தானாகக் கழன்று வர வேண்டும். பழைய தழும்பின் மேல் அது பதிந்தால் கர்ப்பப்பைத் தசைக்குள் வேர்விட்டுவிடக்கூடும். சிலருக்குச் சிறுநீர்ப்பை வரைகூடப் போகிறது. இதை மருத்துவர்கள் 'அக்ரீட்டா' என்பார்கள். பிடுங்கப் பார்த்தால் லிட்டர் கணக்கில் ரத்தம் போகும்.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்து, முன்பு ஒரு சிசேரியன் ஆகியிருந்தால் 100 பேரில் 11 பேருக்கும், இரண்டு ஆகியிருந்தால் 40 பேருக்கும் அக்ரீட்டா இருந்ததாக 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பட்டாசு ஆலையில் குனிந்து திரி வெட்டியதாலோ, பெட்டி தூக்கியதாலோ இது வருவதில்லை. எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம்.

ரத்தத்தில் தெரியுமா?

11 முதல் 13 வாரத்தில் எடுக்கும் 'டபுள் மார்க்கர்' பரிசோதனையில் 'பேப்-ஏ' என்ற புரதத்தையும், 15 வாரத்துக்குப் பின் எடுக்கும் பரிசோதனையில் 'ஏ.எஃப்.பி.' என்ற புரதத்தையும் அளக்கிறார்கள். இவை குழந்தையின் குரோமோசோம் கோளாறு, முதுகுத்தண்டுக் குறைபாடு போன்றவற்றுக்கான பரிசோதனைகள். அக்ரீட்டா உள்ள பெண்களுக்கு இந்த அளவுகள் கூடியிருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அளவு கூடியும் நோய் இல்லாதவர்கள் உண்டு. அளவு சரியாக இருந்தும் நோய் உள்ளவர்களும் உண்டு. ரத்தப் பரிசோதனை நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கூடியிருந்தால் பதறவும் வேண்டாம். மருத்துவரிடம் தழும்பைப் பற்றிச் சொல்லி ஸ்கேன் கேளுங்கள்.

அக்ரீட்டாவைக் காட்டுவது அனுபவமுள்ளவர் செய்யும் கலர் டாப்ளர் ஸ்கேன்தான். சிலருக்கு எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும். 20ஆவது வார ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பிளாசென்டா' (நஞ்சுக்கொடி) என்ற வரியைத் தேடுங்கள். பக்கத்தில் 'லோ லையிங்' (கீழே இறங்கியிருக்கிறது) அல்லது 'பிரீவியா' (கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறது) என்றிருந்து உங்களுக்குத் தழும்பும் இருந்தால், "தழும்பில் ஒட்டியிருக்கிறதா டாக்டர்?" என்று அன்றே கேளுங்கள்.

எங்கே பிரசவம்?

அக்ரீட்டா என்று தெரிந்தால், ரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு, மூத்த அறுவை மருத்துவர்கள் மூன்றும் இருக்கும் இடத்தில். பெரும்பாலும் 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறித்து அறுவை சிகிச்சை செய்வார்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் ராஜாஜி மருத்துவமனை. ரத்தப்போக்கு தொடங்கிய பிறகு, நடுராத்திரியில் சிவகாசியிலிருந்து மதுரைக்கு ஓடும் நிலை வரக் கூடாது. முன்கூட்டியே பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள்.

உங்கள் உரிமைகள்

2011 முதல் மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம். மாதந்தோறும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை உண்டு. ஆலையில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்து, தகுதிக்கான சந்தா நாட்களும் இருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வார மகப்பேறு உதவித்தொகை கிடைக்கும்.

உயிர்காக்கக் கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம். அதை முன்பே விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

தவறு நடந்தால்

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கட்டணம் செலுத்திய சிகிச்சை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். அரசு மருத்துவமனை என்றாலும் கைவிட வேண்டாம். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. அது சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் உத்தரவிட்டது.

புகாருக்கும் ஆலோசனைக்கும் 104. ரத்தப்போக்கு என்றால் உடனே 108. தழும்பு இருக்கும் பெண் ஸ்கேனுக்குப் போகும் நாளில் ஒருநாள் கூலி போனால் போகட்டும். வீட்டில் ஒருவர் கூடவே போய், நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று கேட்டு வாருங்கள்.