அலமாரியில் தூங்கும் ரிமோட்

2006 நவம்பர் 19. அமெரிக்கக் கடைகளில் நின்டெண்டோவின் 'வீ' கேம் கன்சோல் விற்பனைக்கு வந்த நாள். வீடியோ கேம் என்றால் பத்துப் பன்னிரண்டு பொத்தான்களோடு பிள்ளைகள் அறைக்குள் அடைந்து கிடப்பது என்றுதான் அதுவரை வழக்கம். வீயோடு வந்ததோ டி.வி. ரிமோட் மாதிரி ஒரு வெள்ளைக் குச்சி. மட்டையை வீசுவதுபோல் வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறந்தது. கையைப் பின்னுக்கு இழுத்து முன்னால் விட்டால் பவுலிங் பந்து உருண்டது. பாட்டிக்குப் பேரன் பாடம் நடத்த வேண்டிய தேவையே இல்லை.

அப்போது நின்டெண்டோவின் தலைவராக இருந்த சதோரு இவாட்டா, வீட்டுத் தாய்மார்கள் முகம் சுளிக்காத கருவியாக அது இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். மூன்று டிவிடி உறைகளை அடுக்கினால் எவ்வளவு பருமனோ அவ்வளவுதான் இருக்கலாம் என்று அளவு வகுத்தார்கள். விலை 249 டாலர். இரண்டு நாள் முன்பு வந்த போட்டிக் கன்சோல் பிளேஸ்டேஷன் 3, 499 டாலரில் தொடங்கியது. மொத்தத்தில் 10 கோடிக்கு மேல் வீ விற்றது. ஆட்டத்தின் வேகத்தில் குச்சி கைநழுவிப் பறந்ததால், அதை மணிக்கட்டோடு பிணைக்கும் சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றித்தர முன்வந்தது நிறுவனம். அமெரிக்க முதியோர் இல்லங்களில் பவுலிங் போட்டிகள் நடந்தன. பிசியோதெரபி அறைக்குள்ளும் குச்சி நுழைந்தது.

வீ வாங்கிய அந்தக் குடும்பங்கள் பிறகு எங்கே போயின?

2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மட்டும் சுமார் 2 கோடியே 60 லட்சம் வீ விற்றது. மூன்றே ஆண்டில் அது ஒரு கோடிக்கும் கீழே இறங்கியது. 2012இல் வந்த அடுத்த கன்சோல் 'வீ யு' தன் வாழ்நாள் முழுக்க விற்றதே ஒன்றரைக் கோடியை எட்டவில்லை.

காரணத்தின் ஒரு பகுதி அந்தக் குச்சிக்குள்ளேயே இருந்தது. அதிலிருந்த முக்கிய சென்சார், வேகம் கூடிக் குறைவதைத்தான் அளந்தது. கை காற்றில் எங்கே இருக்கிறது, எப்படித் திரும்புகிறது என்பது அதற்குச் சரியாகத் தெரியாது. முழுக் கையையும் வீசினாலும், சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினாலும் பந்து ஏறத்தாழ ஒரே மாதிரிதான் போனது. இது பிடிபட்ட அன்றைக்கே வீட்டில் விளையாட்டின் மாயம் கலைந்துவிட்டது. திருப்பத்தையும் அளக்கும் 'மோஷன் பிளஸ்' 2009இல் வந்தபோது பல குச்சிகள் அலமாரிக்குப் போய்விட்டிருந்தன. போதாக்குறைக்கு, வீயின் விற்பனையில் பங்கு கேட்டு அவசரமாகச் செய்த மட்டமான விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. அவற்றைக் காசு கொடுத்து வாங்கி ஏமாந்தவர்கள் பெற்றோர்கள்தான்.

மைக்ரோசாஃப்ட் குச்சியையே விட்டொழித்தது. 2010 நவம்பரில் வந்த 'கினெக்ட்' கேமரா உடலையே பார்த்தது. முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸில் ஏறியது. ஆனால் ஒருவர் ஆட ஆறடியும் இருவர் ஆட எட்டடியும் கேமராவுக்கு முன்னால் இடம் கேட்டது. டீப்பாயை நகர்த்து, நாற்காலியைத் தூக்கு என்று தினமும் யார் மல்லுக்கட்டுவது? 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலோடு கினெக்டைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலர் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டே பிரித்து விற்றார்கள். 2017இல் தயாரிப்பே நின்றது.

ஆக, முதல் நாள் மகிழ்ச்சியில் ஒருவரும் தோற்கவில்லை. இரண்டாம் ஆண்டில்தான் தோற்றார்கள்.

இரண்டாம் ஆண்டையும் யோசித்துச் செய்ததாகத் தெரிவது, 2019 அக்டோபரில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்த 'ரிங் ஃபிட் அட்வெஞ்சர்'. கையில் அழுத்தவும் இழுக்கவும் ஒரு வளையம், தொடையில் ஒரு பட்டை. வளையத்தை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது உண்மையாகவே அளக்கப்படுவதால் மணிக்கட்டைச் சொடுக்கி ஏமாற்ற வழியில்லை. கதை நீள நீளப் பயிற்சியும் வளர்கிறது. கீழ்வீட்டுக்காரர் தூக்கம் கெடாமலிருக்க, ஓடுவதற்குப் பதில் உட்கார்ந்து எழும் முறையும் உண்டு. அடுக்குமாடியில் வாழ்கிறவனை நினைத்துச் செய்த அந்த ஓர் ஏற்பாடு, எத்தனையோ புதிய சென்சார்களைவிடப் பெரியது. ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

2023 இறுதியில் கலிஃபோர்னியாவின் நெக்ஸ் நிறுவனம் 'நெக்ஸ் பிளேகிரவுண்ட்' என்ற சிறு கனசதுரப் பெட்டியை 199 டாலருக்குக் கொண்டுவந்தது. குச்சி எதையும் பிடித்து ஆட வேண்டாம், டி.வி.யில் இணைத்தால் அதன் கேமரா கை கால் அசைவைப் படிக்கிறது. கேமரா என்றதும் பெற்றோருக்கு வரும் பயத்துக்கு, அதன் கண்ணை மூடிவைக்க ஒரு காந்த மூடி. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளைத்தான் நேராகக் குறிவைத்திருக்கிறது. பெட்டியோடு சில விளையாட்டுகள்தான் வரும். மற்றவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டும். ஒரு விதத்தில் இது நல்லது. அலமாரிக்குப் போன பெட்டிக்கு யாரும் சந்தா கட்டுவதில்லை. வாங்கிய முதல் பிறந்தநாள் விருந்தில் எத்தனை குழந்தைகள் குதித்தார்கள் என்பதைவிட, அடுத்த பிறந்தநாள் வரும்போது எத்தனை வீடுகள் சந்தாவைப் புதுப்பிக்கின்றன என்பதைத்தான் அந்த நிறுவனம் இனி எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.