மழையில்லாமல் நனையும் சாலை

மாசி, பங்குனியில் தூத்துக்குடியில் மழை என்ற பேச்சே இருக்காது. ஆனாலும் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் உப்பளங்களை ஒட்டிப் போகும் சாலையில், விடிகாலையில் தார்மேல் திட்டுத் திட்டாக ஈரம் மின்னும். யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. முந்தைய நாள் லாரியிலிருந்து சிந்திய உப்பு, இரவெல்லாம் காற்றிலிருந்த ஈரத்தை இழுத்து, அதிலேயே கரைந்து கிடக்கிறது. வெயில் ஏறியதும் அது காய்ந்து வெள்ளைப் பூச்சாகிவிடும். ஆனால் உப்பு வாரப் போகிறவர்கள் சைக்கிளில் அந்த இடத்தைக் கடப்பது அதற்கு வெகுநேரம் முன்னால், இருட்டோடு.

ஐப்பசியில் வீட்டு உப்பு ஜாடிக்குள் நடப்பதும் இதேதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீர்த்துப்போகும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். பாத்தியிலிருந்து வாரிய உப்பைக் கழுவாத வரை இந்த மக்னீசியம் அதில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரை விரலில் தொட்டுத் தேய்த்தால் எண்ணெய் போல வழவழக்கும். அந்த வழவழப்பு மக்னீசியத்துடையது. குளிர்நாடுகளில் பனிக்கட்டியில் வண்டிகள் வழுக்காமல் இருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அதே உப்பு நம் கடற்கரையில் வழுக்கலுக்குக் காரணமாகிறது!

நிறையத் தண்ணீர் நின்றால்தான் வழுக்கும் என்று நினைக்கிறோம். சைக்கிளைப் பொறுத்தவரை அது பெரிய ஆபத்தே இல்லை. ஈரமான ஓடுபாதையில் விமானச் சக்கரம் எந்த வேகத்தில் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் என்று 1960களின் தொடக்கத்தில் நாசா ஆராய்ந்தது. டயரின் காற்றழுத்தம்தான் அந்த வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. அந்தச் சூத்திரத்தில் 50 பி.எஸ்.ஐ. காற்றடித்த சைக்கிள் டயரைப் பொருத்திப் பார்த்தால், அது மிதக்க மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். ஒடுங்கிய, உருண்டையான டயர் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளிவிட்டுத் தாரைப் பிடித்துக்கொள்கிறது.

பிதுக்கித் தள்ள முடியாத மெல்லிய படலம்தான் ஆளைச் சாய்ப்பது. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும் லாரிகளில் ஐஸ் உருகி ஒழுகும் மீன் தண்ணியைப் பாருங்கள். மீனின் உடம்பை மூடியிருக்கும் கொழகொழப்பு நீண்ட புரத மூலக்கூறுகளால் ஆனது; அவை தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாளை மீனாக இருந்தால் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். லாரி திரும்பும் வளைவில்தான் அதிகம் சிந்துகிறது. சைக்கிள்காரரும் சாய்ந்து திரும்புவது அதே வளைவில்தான்.

மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் டயர்த் தூளும் நிலக்கரித் தூசியும் வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறலில் குழைந்து இன்னொரு படலமாகின்றன. அமெரிக்க விபத்துப் பதிவுகளை வைத்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, கடைசியாக மழை பெய்து எத்தனை நாளாகிறதோ அந்த அளவுக்கு அடுத்த மழை ஆபத்தானது என்று காட்டியது. விட்டுவிட்டுத் தூறும்போதுதான் கவனம் வேண்டும். நன்றாகக் கொட்டித் தீர்த்த பிறகு சாலை பெரும்பாலும் கழுவிவிடப்படுகிறது.

இந்தப் படலத்தில் சைக்கிள் ஏன் சட்டென்று விழுகிறது? ஓடும் சைக்கிள் விழாமல் நிற்பதே ஓயாமல் திரும்பித் திரும்பித்தான். இடப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரம் தானாகவே இடப்பக்கம் கொஞ்சம் திரும்பி, சாய்ந்த எடைக்கு அடியில் சக்கரங்களைக் கொண்டுவந்துவிடும். சுழலும் சக்கரத்தின் விசைதான் இதற்கெல்லாம் காரணம் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த விசையை நீக்கிய ஒரு வண்டியைச் செய்து உருட்டிவிட்டார்கள். அதுவும் விழாமல் ஓடியது. எடை எங்கே இருக்கிறது என்பது உட்படப் பல காரணங்கள் சேர்ந்து முன்சக்கரத்தைத் திருப்புகின்றன. அந்தத் திருப்பம் பலிக்க வேண்டுமானால் முன்சக்கரம் தரையைப் பக்கவாட்டில் பிடித்தாக வேண்டும். அந்தப் பிடி போனால், கால் ஊன்றக்கூட நேரம் கிடைக்காது.

கணக்கு எளிது. மணிக்கு 15 கிலோமீட்டரில் 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்ப, உராய்வுக் குணகம் 0.35 தேவை. காய்ந்த தாரில் 0.7 அளவுக்குக் கிடைக்கும். வழவழப்பான படலத்தில் கிடைக்காது. வேகத்தை 10ஆகக் குறைத்தால் தேவை 0.16தான். வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலே தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே, வேகத்தையெல்லாம் படலத்துக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். படலத்தின்மேல் ஏறியபின் ஹேண்டில்பாரைத் திருப்பக்கூடாது. முன்பிரேக்கைத் தொடவே கூடாது. காய்ந்த சாலையில் சீக்கிரம் நிறுத்துவது முன்பிரேக்தான். வழுக்கலில் அது முன்சக்கரத்தை இறுக்கிவிடும். திருப்பிச் சமாளிக்கும் வழியும் அதோடு போய்விடும். பின்சக்கரம் இறுகினால் வால்பக்கம்தான் ஆடும். பிரேக்கை விட்டதும் வண்டி நேராகும். இரும்பு ரிம் வைத்த பழைய சைக்கிள்களில் மழையன்று பிரேக் கட்டை உடனே பிடிக்காது. சில சுற்று லேசாகத் தேய்த்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்த பிறகே அழுத்த வேண்டும்.

சைக்கிள்காரரின் கவனத்தை மட்டும் பேசுவது நியாயமாகாது. உப்பு லாரியின் தார்ப்பாயை இறுக்கிக் கட்டுவதும், மீன் லாரியின் அடியில் ஒழுகலைப் பிடிக்கத் தொட்டி வைப்பதும் பெரிய செலவில்லை. வழுக்கி விழுகிறவர் அன்றைய கூலியையும் சேர்த்து இழக்கிறார்.

ஊருக்குள் ஒன்றாம் கேட், இரண்டாம் கேட் போன்ற இடங்களில் தண்டவாளமும் இருக்கிறது. நனைந்த எஃகில் பிடி மிகக் குறைவு. தண்டவாளத்தை ஒட்டிய பள்ளம் சுமார் 5 செ.மீ. அகலம், சாதாரண சைக்கிள் டயர் 4 செ.மீ.கூட இல்லை. சாய்வாகக் கடந்தால் டயர் உள்ளே இறங்கிவிடும், முன்சக்கரத்தைத் திருப்பவே முடியாது. பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, தண்டவாளத்தைக் கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். கேரியரில் சுமையும் மழைத்தூறலும் சேர்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.