உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் ஒரு கூட்டு வாழ்வு

மொர்மன் சபை என்றதும் நம்மவர்க்கு நினைவில் வருவது வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து இருவர் இருவராக நடந்துவரும் அமெரிக்க இளைஞர்களே. அவர்களுடைய வேதநூலைப் பற்றி நாம் இங்கு தர்க்கிக்கப் போவதில்லை. அதில் நமக்கு உடன்பாடில்லை என்பது வாசகர்கள் அறிந்ததே. ஆனால் வறுமையை ஒழிக்க அச்சபையினர் எடுத்த முயற்சியைக் கூட்டுறவுச் சங்கத்தோடும் குளத்து நீரோடும் மல்லுக்கட்டும் நமது மாவட்டத்தவர் அறிந்திருப்பது நல்லது.

1830இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் இச்சபையைத் தொடங்கினார். விசுவாசிகள் தம் சொத்தைச் சபைக்கு எழுதிக்கொடுத்து, குடும்பத் தேவைக்கேற்ற பங்கைத் திரும்பப் பெற்று, மிஞ்சியதைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டுமென அடுத்த ஆண்டே விதித்தார். ஆதித் திருச்சபையின் வாழ்வுதான் அவர்களுக்கு முன்மாதிரி. அயலவரோடு பகை மூண்டது. 1838இல் மிசூரி ஆளுநர், இவர்களை மாநிலத்தைவிட்டு விரட்டவோ அழிக்கவோ வேண்டுமென ஆணையிட்டார். 1844இல் ஸ்மித் ஜனாதிபதிப் பதவிக்கு வேட்பாளராக நின்றார். அரச காணிகளை விற்கும் பணத்தில் அடிமைகளை விலைகொடுத்து மீட்டு, 1850க்குள் அடிமைத்தனத்தை ஒழிக்க வேண்டும் என்றார். அவ்வாண்டு ஜூன் 27இல், சிறையில் இருந்தபோது, கும்பலொன்று அவரைச் சுட்டுக்கொன்றது.

இடம்பெயர்வு என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1847 ஜூலையில் பிரிகம் யங் தலைமையில் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்த முதற்கூட்டம், வந்த கையோடு ஓடையை மறித்து, காய்ந்த மண்ணை நனைத்து, உருளைக்கிழங்கு நட்டது. ஓடைகளும் காட்டுமரங்களும் தனியார் சொத்தாகக் கூடாது என்று யங் அறிவித்தார். வாய்க்கால் வெட்டியவனுக்கு உழைப்புக்கேற்ற நீர்ப்பங்கு. முறைவைத்து நீர் விட ஒருவர் பொறுப்பு. நமது வயல்களில் வட்டைவிதானை பார்க்கும் வேலைதான்! 1864இல் பிரிகம் சிற்றியில் தொடங்கிய கூட்டுறவுக் கடை, தோல் பதனிடுதல், கம்பளி நெசவு, பாற்பண்ணை என்று விரிந்தது. 1875இல் அமைந்த ஓர்டர்வில் ஊரில் எல்லாரும் ஒரே பந்தியில் உண்டனர். பத்தாண்டு தாக்குப்பிடித்தார்கள். பக்கத்து ஊர்களில் சுரங்கக் காசு புழங்கத் தொடங்கியதும் இளைஞருக்கு ஊர்த்துணி கசந்தது. பலதார மணத்துக்கு எதிரான மத்திய அரசின் வழக்குகளும் சேர்ந்து கூட்டைக் கலைத்தன.

மாதத்தின் முதல் ஞாயிறன்று இரு வேளை உணவைத் தவிர்த்து, அதன் பெறுமதியை ஏழைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. (நமது பிடியரிசிப் பானை தவக்காலத்தில் மட்டும் விழித்துக்கொள்வதை நினைத்துக்கொள்கிறோம்.) 1936இல், பொருளாதார மந்தத்தின்போது, சபைப் பண்ணைகளையும் களஞ்சியங்களையும் ஒழுங்குபடுத்தினர். உதவி பெறுபவர் இயன்ற வேலையைச் செய்ய வேண்டும் என்பது விதி.

இந்தச் 'சொந்தக்கால்' போதனையைச் சற்றுத் தட்டிப்பார்க்க வேண்டும். 1953 முதல் 1961 வரை அமெரிக்க விவசாய அமைச்சராகவும், பின்னர் சபையின் தலைவராகவும் இருந்த எஸ்ரா டாவ்ட் பென்சன், அரசு ஏழைகளுக்கு உதவுவதைச் சோசலிசம் என்று சாடினார். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திலும் கம்யூனிசச் சதியையே கண்டார். அதே சபையின் அறிஞர் ஹியூ நிப்ளியோ தம்மவரின் பொருளாசையையே கடிந்து எழுதினார். நாம் நிப்ளியின் பக்கம். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தோர் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். காணி விடுவிப்பு 2015இல்தான் தொடங்கியது. காணி முட்கம்பிக்குள் கிடக்க, கோழிக்குஞ்சைக் கொடுத்துச் சொந்தக்காலில் நில் என்றால் எங்கே நிற்பது?

கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவத்தை அச்சபை 1978 ஜூன் வரை மறுத்தது. 2023இல், தன் முதலீடுகளின் அளவை மறைத்தமைக்காக, சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழுவுக்கு 50 இலட்சம் டொலர் தண்டம் செலுத்தின. 2018இல் அந்த முதலீடு சுமார் 3,200 கோடி டொலர். ஒரே பந்தியில் உண்டவர்களின் பேரப்பிள்ளைகள்!

ஆனால் நம்மை மிகவும் உறுத்துவது அந்த முதல் வாய்க்கால்தான். அது பாய்ந்த நாட்டில் யூட், ஷொஷோனி மக்கள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தனர். குடியேற்றம் பெருகப் பெருக ஆறுகளும் புல்வெளியும் அவர்கள் கையைவிட்டுப் போயின. 1861இல் யூட் மக்களுக்கென யுயின்டாப் பள்ளத்தாக்கு ஒதுக்கப்பட்டு, அங்கே அவர்கள் தள்ளப்பட்டனர். அல்லை, கந்தளாய்க் குடியேற்றங்களைக் கண்ட நமக்கு இது அந்நியக் கதையல்ல. அவர்களுடைய வழித்தோன்றல்கள் தமது நீருரிமைக்காக 2018இல் அமெரிக்க அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர்.